குறிஞ்சியின் பொழுது: காலநிலை மாற்றமும் திணைசார் சூழலியல் திறனாய்வும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழில் வளர்ந்துவரும் சூழலியல் திறனாய்வு, திணைக் கோட்பாட்டைப் பெரும்பாலும் நிலத்தையும் கருப்பொருளையும் முன்னிறுத்தியே வாசிக்கிறது. முதற்பொருளின் மற்றொரு கூறாகிய பொழுது, பாடலின் பின்புலம் என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்பகுதிகளில் சோலைக்காடும் புல்வெளியும் அமைந்துள்ள முறையையும், வெப்பநிலை உயர்வாலும் அயல்மரங்களாலும் அவற்றின் எல்லை மாறிவருவதையும் சான்றாகக் கொண்டு இவ்வாசிப்பின் போதாமையை இக்கட்டுரை ஆராய்கிறது. காலநிலை மாற்றத்தைப் பேச முனையும் திணைத் திறனாய்வு பொழுதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதும், பாலை உருவகம் எல்லா இழப்புகளுக்கும் பொருந்தாது என்பதும் இதன் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: திணை, முதற்பொருள், பொழுது, குறிஞ்சி, சோலைக்காடு, மலைப்புல்வெளி, உறைபனி, காலநிலை மாற்றம்.

முன்னுரை

சங்க இலக்கியத்தில் சுற்றுச்சூழல் என்னும் பொருளில் எழுதப்படும் ஆய்வுக்கட்டுரைகள் இன்று பெருகியுள்ளன. அவற்றுள் பலவற்றின் அமைப்பு ஒன்றுபோலவே உள்ளது. ஐவகை நிலங்களும் வரையறுக்கப்படும். அவற்றுக்குரிய மரம், செடி, பூ, விலங்கு ஆகியவை பட்டியலிடப்படும். பண்டைத் தமிழர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர் என்பது நிறுவப்படும். மரம் நடுதலின் தேவையை வலியுறுத்திக் கட்டுரை முடியும். இந்த அமைப்பில் இரண்டு முன்முடிவுகள் உள்ளன. திணை என்பது மாறாத நில வரைபடம் என்பது ஒன்று. காட்டின் நலம் மரங்களின் எண்ணிக்கையால் அறியப்படும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் குறிஞ்சி நிலத்திலேயே தடைபடுகின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

திணை வாசிப்பின் மரபுகள்

திணையையும் இயற்கையையும் இணைத்து நோக்கிய முன்னோடிகளின் பணி பெரிது. சேவியர் தனிநாயகம் அடிகள் 1966-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘லேண்ட்ஸ்கேப் அண்ட் பொயட்ரி’ என்னும் நூல், நிலத்துக்கும் கவிதைக்கும் உள்ள உறவை உலக இலக்கியப் பின்னணியில் வைத்து நோக்கியது. ஏ.கே. இராமானுஜன் 1967-இல் வெளியிட்ட குறுந்தொகை மொழிபெயர்ப்பு, திணை நிலத்தை அகத்தின் நிலமாக வாசிக்க வழிவகுத்தது. பி.எல். சாமி சங்கச் செடிகொடிகளைத் தாவரவியல் நோக்கில் அடையாளம் காண முயன்றார். நிர்மல் செல்வமணி, மனிதரும் இயற்கையும் புனிதமும் இணைந்த வாழ்வகமாகத் திணையை விளக்கிச் சூழலியல் கோட்பாட்டுக்குள் அதற்கு இடம் தேடித்தந்தார்.

இவை வெவ்வேறு நோக்கங்களைக் கொண்டவை. எனினும் இவற்றைப் பின்பற்றி எழுந்த கட்டுரைகளில் ஒரு சாய்வு நிலைத்துவிட்டது. தொல்காப்பியம் முதற்பொருளை நிலம், பொழுது என இரண்டாக வகுக்கிறது. பின்வந்த சூழலியல் வாசிப்புகளோ நிலத்தை விரித்துரைத்துப் பொழுதை ஓர் அட்டவணையோடு நிறுத்திக்கொள்கின்றன. கபிலரின் குறிஞ்சிப்பாட்டிலுள்ள 99 பூக்களின் பெயர்களை எடுத்துக்காட்டாத கட்டுரை அரிது. அப்பூக்கள் எப்பருவத்தன, எவ்வுயரத்தில் வளர்வன என்று வினவும் கட்டுரை அதனினும் அரிது. காலநிலை மாற்றம் முதலில் தாக்குவது பொழுதையே என்பதால் இச்சாய்வு இன்று பெருங்குறையாகிறது.

சோலையும் புல்வெளியும்

நீலகிரி, ஆனைமலை, பழனிமலை ஆகியவற்றின் உயர்பகுதிகளில் தொடர்ச்சியான அடர்காடு இயற்கையாக அமைந்ததில்லை. மடிப்புகளிலும் நீரோடைப் பள்ளங்களிலும் குட்டையான பசுமைமாறா மரங்கள் செறிந்த சோலைகள் உள்ளன. அவற்றைச் சூழ்ந்த சரிவுகளிலும் முகடுகளிலும் புல்வெளிகள் பரந்துள்ளன. இரண்டுக்குமிடையே உள்ள எல்லை பெரும்பாலும் கத்தியால் வெட்டியதுபோல் தெளிவானது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி, சோலை மரங்களின் நிழலில் வளர்வதன்று. திறந்த புல்வெளிச் சரிவுகளில் வளரும் புதர்ச்செடி. சங்கப்பாடல்கள் வருடை எனக் கூறும் விலங்காகக் கருதப்படும் வரையாட்டின் மேய்ச்சல் நிலமும், தோடர்களின் எருமை மேய்ச்சல் நிலமும் இப்புல்வெளிகளே.

இப்புல்வெளிகள் மனிதர் காட்டை எரித்ததால் தோன்றியவையா, இயற்கையாக அமைந்தவையா என்பது நீண்டகால விவாதம். உறைபனியே மரங்களைத் தடுக்கிறது என்னும் கருத்தை ரங்கநாதன் 1938-இலேயே முன்வைத்தார். ஆர். சுகுமார் முதலியோர் நீலகிரியின் சதுப்புக் கரிமண்ணில் உள்ள கார்பன் ஐசோடோப்புகளை ஆராய்ந்து 1993-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட முடிவுகள் இவ்விவாதத்தில் திருப்பமாயின. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னர், வறண்ட பனியூழிக் காலத்திலேயே அங்குப் புல்லினங்கள் மேலோங்கியிருந்தன. பின்னர்ப் பருவமழை வலுப்பெற்ற காலத்தில் மரங்கள் உள்ளிட்ட ஈரவிருப்பத் தாவரங்கள் பெருகின. வறட்சி திரும்பியபோது புல்லினங்கள் மீண்டும் பரவின. எனவே புல்வெளி தொன்மையானது. அதன் எல்லை மட்டும் காலநிலைக்கேற்ப முன்னும் பின்னும் நகர்ந்துள்ளது.

காட்டுப்பூவரசு எனப்படும் ரோடோடென்ட்ரான் இதற்கு மற்றொரு சான்று. இதன் நெருங்கிய உறவினங்கள் இமயமலையில் உள்ளன. இடைப்பட்ட சமவெளியில் இவ்வினம் இல்லை. குளிர்ந்த காலங்களில் குளிர்விரும்பும் தாவரங்கள் பரவி, வெப்பம் மிகுந்தபோது உச்சிகளில் ஒதுங்கின என்று இப்பரவல் விளக்கப்படுகிறது.

யாமமும் உறைபனியும்

தொல்காப்பியம் குறிஞ்சிக்குரிய பெரும்பொழுதாகக் கூதிரையும் முன்பனியையும், சிறுபொழுதாக யாமத்தையும் வகுக்கிறது. இவ்வரையறை பொதுவாகப் புணர்ச்சி என்னும் உரிப்பொருளோடும் இரவுக்குறியின் இடர்களோடும் பொருத்தி விளக்கப்படும். அவ்விளக்கம் சரியானதே. எனினும் உயர்மலைப் புல்வெளியின் சூழலியலை இதனருகே வைத்து நோக்குவது பயனுடையது. அங்கு மரத்துக்கும் புல்லுக்குமிடையே எல்லையிடுவது குளிர்கால இரவு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மேகமற்ற இரவுகளில் திறந்தவெளி விரைவாக வெப்பத்தை இழந்து உறைநிலையை அடைகிறது. சோலையின் உள்ளே மரக்கவிகை வெப்பத்தைக் காக்கிறது. அதுல் ஜோஷி, ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் ஆகியோரின் 2020-ஆம் ஆண்டு ஆய்வு, புல்வெளியில் சோலைமர நாற்றுகள் நிலைகொள்வதை இவ்வுறைபனி தடுக்கிறது என்றும், அயல்மரப் பரவலும் வெப்பநிலை உயர்வும் இச்சமநிலையைக் குலைக்கக்கூடும் என்றும் காட்டியது.

இதைக் கொண்டு தொல்காப்பியர் உறைபனிச் சூழலியலை அறிந்திருந்தார் எனக் கூறுவது பிழை. முன்பனி என்பது இரவின் முற்பகுதியில் விழும் பனியைக் குறிக்கும் பருவப்பெயர்; அது உறைபனி அன்று. சங்கக் குறிஞ்சியின் தினைப்புனமும் வேங்கையும் மூங்கிலும் சந்தனமும் பெரும்பாலும் மலையின் கீழ், இடைச் சரிவுகளுக்கு உரியன. மலை என்னும் ஒரு சொல்லுக்குள் இரண்டாயிரம் மீட்டர் உயர வேறுபாடும் பல்வகைத் தாவரத் தொகுதிகளும் அடங்கியுள்ளன. இங்கு வலியுறுத்தப்படுவது முறையியல் சார்ந்த ஒன்று. நிலத்தைப் பொழுதோடு சேர்த்தே முதற்பொருளாகக் கொள்ளும் சிந்தனை, நிலத்தை மட்டும் கொள்ளும் சிந்தனையைவிடக் காலநிலை மாற்றத்தை ஆராய ஏற்றது. நிலம் இருந்த இடத்திலேயே இருக்கப் பொழுது மாறினால், அது பழைய நிலமாக நீடிப்பதில்லை.

இம்மாற்றத்தின் அளவைக் கணக்கிடலாம். உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. ஆகவே வெப்பநிலை 1 பாகை உயர்ந்தால், பழைய குளிரைப் பெற ஓரினம் ஏறத்தாழ 150 மீட்டர் மேலே நகர வேண்டும். நீலகிரிப் பீடபூமியின் உயரம் ஏறத்தாழ 2,000 மீட்டர். அதன் மிக உயர்ந்த சிகரமாகிய தொட்டபெட்டா 2,637 மீட்டர். மேலே செல்லச் செல்லப் பரப்பும் குறுகுகிறது. சமவெளித் தாவரத்துக்கு வேறு திசைகளில் நகர வழியுண்டு. உச்சியில் ஒதுங்கிய தாவரத்துக்கு அது இல்லை.

பாலை உருவகத்தின் எல்லை

காலநிலை மாற்றம் குறித்துத் தமிழ்க் கட்டுரைகள் மிகுதியாக எடுத்தாள்வது சிலப்பதிகாரத்தின் பாலை விளக்கம். முல்லையும் குறிஞ்சியும் கோடையின் வெம்மையால் தம் இயல்பு கெட்டுப் பாலையின் வடிவம் கொள்ளும் என்னும் அக்கருத்து, நிலம் பொழுதால் மாறும் என்பதை ஏற்கும் அரிய சான்று. எனினும் இதை மட்டும் கொண்டு இன்றைய இழப்புகள் அனைத்தையும் விளக்க முனையும்போது, கேடு எப்போதும் வறட்சியாகவும் மரமின்மையாகவும் மட்டுமே கற்பனை செய்யப்படுகிறது.

உயர்மலையில் நிகழ்வது இதற்கு நேர்மாறானது. கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸும், சீகை என உள்ளூரில் வழங்கும் ஆஸ்திரேலிய வாட்டிலும் 19-ஆம் நூற்றாண்டில் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டன. விடுதலைக்குப் பின் தொழில்துறைத் தேவைக்காகப் புல்வெளிகளில் பெருமளவில் நடப்பட்டன. பழனிமலையை ஆராய்ந்து 2018-இல் வெளியான செயற்கைக்கோள் ஆய்வு, நான்கு பத்தாண்டுகளில் அங்குள்ள புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோட்டங்களாலும் வேளாண்மையாலும் அழிந்ததைக் காட்டியது. வாட்டில் நட்ட இடத்தோடு நிற்பதில்லை; தானே பரவுகிறது. இந்நிலத்தைத் தொலைவிலிருந்து காண்பவருக்கு அது முன்னைவிடப் பசுமையாகத் தெரியும். குறிஞ்சிச் செடியும் வரையாடும் தம் இடத்தை இழந்திருக்கும். இவ்விழப்பைப் பாலை என்று பெயரிட முடியாது.

இதன் விளைவு இலக்கிய விளக்கத்தோடு முடிவதில்லை. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் வரையறைப்படி, ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் மரக்கவிகை 10 விழுக்காட்டுக்குக் குறையாதிருந்தால் அது வனப்பரப்பாகக் கணக்கிடப்படும். ஆகவே வாட்டில் தோட்டம் வனப்பரப்பாகிறது. தொன்மையான புல்வெளி ஆவதில்லை. 2022-இல் தொடங்கப்பட்ட பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் வன, மரப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்துவதை இலக்காகக் கொண்டது. அயல் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்கான கொள்கையையும் அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. எங்கு நடுவது, எங்கு அகற்றுவது என்னும் வேறுபாடு இன்று அரசின் கொள்கைகளிலேயே இடம்பெற்றுள்ள நிலையில், மரம் நடுக என்னும் பொது அறிவுரையோடு முடியும் திறனாய்வு, தான் போற்றும் குறிஞ்சிக்கே எதிராக நிற்க நேரும்.

இரண்டு மறுப்புகள்

இவ்வாதத்துக்கு இரண்டு மறுப்புகள் எழலாம். புல்வெளியை இதுவரை அழித்தது மனிதரின் மரம் நடுகையே எனில், காலநிலையை ஏன் சுட்ட வேண்டும் என்பது முதலாவது. இதுவரையான இழப்பில் நடுகைக்கும் நிலப்பயன் மாற்றத்துக்குமே பெரும்பங்கு உண்டு என்பதை மறுக்க இயலாது. உறைபனி குறைந்தால், புல்வெளியில் மரநாற்றுகளுக்கு இருந்த தடை தளர்கிறது. நடுகையால் வந்த மரம் பரவுவதற்குப் பொழுதின் மாற்றம் துணையாகிறது. இரண்டு காரணங்களையும் பிரித்தறிந்து, அவை இணையும் இடத்தையும் காண்பதே ஆய்வின் கடமை.

இரண்டாவது மறுப்பு இலக்கணத்திலிருந்தே எழக்கூடும். ஒரு நிலத்துக்குரிய பூவும் பறவையும் பிறிதொரு நிலத்தில் வருமாயின், அவை வந்த நிலத்தின் கருப்பொருளாகவே கொள்ளப்படும் என்பது தொல்காப்பிய விதி. அவ்வாறாயின் வாட்டிலும் குறிஞ்சியின் கருப்பொருள்தானே எனக் கேட்கலாம். அவ்விதி செய்யுளுக்குரியது, பாடலில் பொருள்கள் மயங்கி வருவதற்கான இசைவு. அதைச் சூழலியல் விதியாகக் கொள்ள இயலாது. எனினும் இக்கேள்வி ஓர் உண்மையை உணர்த்துகிறது. கருப்பொருள் பட்டியலை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், வந்த மரத்துக்கும் இருந்த செடிக்கும் உள்ள வேறுபாட்டைக் கூற முடியாது. வந்தது முதற்பொருளை மாற்றுகிறதா என்பதே உரிய வினா. வாட்டில் நிழலையும் மண்ணையும் தரையளவுக் குளிரையும் மாற்றுகிறது. அதனால் பிற உயிர்களுக்குரிய நிலமும் பொழுதும் அங்கு இல்லாமற்போகின்றன.

முடிவுரை

திணையை மாறாத வரைபடமாகக் கொள்ளும் வாசிப்பு, மாறுகின்ற மலையை விளக்கப் போதாது. 20,000 ஆண்டுகளில் சோலையும் புல்வெளியும் பலமுறை இடம் மாறியுள்ளன. இன்றைய மாற்றம் விரைவாலும், அயல்மரங்களின் துணையாலும் வேறுபடுகிறது. இதனைத் தமிழ்த் திறனாய்வு எதிர்கொள்ள மூன்று பணிகள் தேவை. முதலாவதாக, சங்கத் தாவரங்களைத் தொகுக்கும்போது அவற்றின் உயரம், பருவம், வாழிடம் ஆகியவற்றையும் பதிவுசெய்தல் வேண்டும். இரண்டாவதாக, உரைகளில் பெரும்பொழுது, சிறுபொழுது பற்றிக் கூறப்பட்டுள்ளவற்றைச் சூழலியல் வினாக்களோடு மீண்டும் வாசித்தல் வேண்டும். மூன்றாவதாக, பசுமை என்னும் சொல்லை ஆராயாமல் நன்மையின் பெயராக வழங்குவதைக் கைவிடுதல் வேண்டும். குறிஞ்சி என்னும் பெயரைத் திணைக்குத் தந்த பூ, மரமில்லா வெளியையும் குளிர்ந்த இரவையும் நம்பி வாழ்கிறது. அவ்வெளியைத் தரிசு என்றும் வெற்றிடம் என்றும் கருதும் பார்வையை மாற்றுவதில் தமிழாய்வுக்குப் பங்குண்டு.