தேர்வறையில் துணையேடு

சிஸ்கோ நிறுவனம் 1993 முதல் நடத்திவரும் சி.சி.ஐ.இ. என்னும் வலையமைப்புச் செய்முறைத் தேர்வு எட்டு மணி நேரம் நீள்வது. தேர்வர் தம் குறிப்பெதனையும் கொண்டுசெல்லலாகாது. நிறுவனத்தின் துணையேடுகளை மட்டுமே திரையிற் காணலாம். இம்முறை போற்றத்தக்கதே. கட்டளைகளை மனனஞ் செய்தல் வேறு. பழுதறிந்து திருத்துதல் வேறு.

ஆயினும், அனைவர்க்கும் ஒரே ஏட்டை வழங்குதலால் மட்டும் நடுவுநிலைமை அமைந்துவிடாது. தேடும் வசதி மறுக்கப்பட்டிருந்த காலத்தில், ஏட்டின் அமைப்பை முன்னரே பயின்றோரே அதனால் விரைந்து பயன்கொண்டனர். மட்டக்களப்பு வாவிக்கரையில் தமிழிற் கற்ற மாணவனுக்கோ, அவ்வேட்டின் ஆங்கிலமும் விடுக்கப்படாத வினாவொன்றாகின்றது.

1936-இல் சென்னையிற் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள். அவர் வழிநின்று, துறைச்சொற்களைத் தமிழில் விளக்குதலோடு, துணையேட்டைப் பயன்படுத்தும் பயிற்சியையும் நம் கல்லூரிகள் அளித்தல் வேண்டும்.