பொஹனன் வைத்த பரீட்சை

திறந்தநிலை ஆய்விதழ்களைக் குறைசொல்பவர்கள் இன்றும் கையில் எடுக்கும் சான்று, 2013 அக்டோபரில் ‘சயின்ஸ்’ இதழில் ஜான் பொஹனன் எழுதிய கட்டுரை. லைக்கனில் உள்ள ஒரு மூலக்கூறு புற்றுச்செல்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று ஒரு போலி ஆய்வைத் தயாரித்து, சிறுசிறு மாற்றங்களுடன், கற்பனைப் பெயர்களில் 304 திறந்தநிலை இதழ்களுக்கு அனுப்பினார். மருந்தின் அளவு கூடினால் விளைவும் கூடும் என்றது கட்டுரை. அதன் வரைபடமோ எல்லா அளவுகளிலும் ஒரே விளைவைக் காட்டியது. மருந்திட்ட செல்களில் எத்தனால் இருந்தது, ஒப்பிட்ட செல்களில் இல்லை. இவ்வளவு வெளிப்படையான பிழைகளோடு சென்ற கட்டுரையை 157 இதழ்கள் ஏற்றன. நிராகரித்தவை 98.

இதிலிருந்து பலர் எடுத்த முடிவு: இலவசமாகப் படிக்கக் கொடுத்து, எழுதியவரிடம் கட்டணம் வாங்கும் முறையே தரத்தைக் கெடுக்கிறது. இந்த முடிவு நிற்காது. போலிக் கட்டுரையின் பெரிய குறை, சரியான ஒப்பீடு இல்லாதது. பொஹனனின் சோதனைக்கும் அதே குறை உண்டு: சந்தா இதழ் ஒன்றுக்குக்கூட அவர் அதை அனுப்பவில்லை. சந்தா இதழான ‘லான்செட்’ 2020 மே 22 அன்று ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பற்றி வெளியிட்ட ஆய்வு, மூலத்தரவைச் சரிபார்க்க முடியாமல் ஜூன் 4 அன்றே திரும்பப் பெறப்பட்டது. திறந்தநிலை இதழான ‘பிளாஸ் ஒன்’ பொஹனனின் போலிக் கட்டுரையில் அறநெறிக் கேள்விகளையும் எழுப்பி, அதை நிராகரித்தது.

ஆனால் அந்தச் சோதனைக்குள் இன்னொரு கணக்கு இருக்கிறது. அதைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்க வேண்டும். அறிவியல் பிழைகளைச் சுட்டிய மதிப்பாய்வுக் குறிப்புகள் வந்தது 36 முறைதான். அவற்றிலும் 16 முறை இதழாசிரியர்கள் அக்குறிப்புகளைப் புறந்தள்ளிக் கட்டுரையை ஏற்றார்கள். மதிப்பாய்வாளர் தன் வேலையைச் செய்துவிட்டார். முடிவெடுத்தவரைத்தான் கேட்க ஆளில்லை. ஏன் ஏற்றாய் என்று யாரும் கேட்க முடியாதபடி அந்தக் குறிப்புகள் அலுவலகத்துக்குள்ளேயே அடங்கிப்போயின.

சோதனைக்குள்ளான இதழ்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தியாவைச் சேர்ந்தவை. அவற்றில் 64 ஏற்றன, 15 மட்டுமே நிராகரித்தன. இதை நாம் வெட்கத்தோடு நின்று பார்க்க வேண்டும். முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற பல்கலைக்கழக மானியக் குழு விதி இத்தகைய இதழ்களுக்கு வாடிக்கையாளர்களைக் கொண்டுவந்து சேர்த்தது. 2022இல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது சரியான முடிவு.

நல்ல இதழ், கெட்ட இதழ் என்று பட்டியல் போட்டால் தீர்ந்துவிடுமா? 2013இல் பொஹனனின் போலிக் கட்டுரையை நிராகரித்த பதிப்பகங்களில் ஹிந்தாவியும் ஒன்று. அதே ஹிந்தாவி, விருந்தாசிரியர்களை நம்பிச் சிறப்பிதழ்களைப் பெருக்கியபின், 2023இல் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. ஒருமுறை தேறியவர் என்றும் தேறியவர் அல்லர். ஒவ்வொரு கட்டுரைக்கும் தனித்தனியே கணக்குக் காட்டியாக வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது. ‘எம்போ ஜர்னல்’ 2009 முதல் மதிப்பாய்வு அறிக்கைகளைக் கட்டுரையோடு வெளியிடுகிறது. ‘நேச்சர்’ 2025 ஜூன் முதல், புதிதாக வந்து ஏற்கப்படும் ஆய்வுக் கட்டுரைகளுக்கு அதை வழக்கமாக்கியது. பெயர் வெளிவந்தால் மூத்தவர்களின் பகை வரும் என்று இளம் மதிப்பாய்வாளர்கள் அஞ்சுவது நியாயமே. அவர்கள் பெயரை மறைக்கலாம். ஏற்பதா என்று முடிவெடுக்கும் இதழாசிரியரின் பெயரை மறைக்க எந்த நியாயமும் இல்லை.

எனவே என் தீர்ப்பு: பொஹனனின் சோதனை திறந்தநிலையைக் குற்றவாளி ஆக்கவில்லை, பொறுப்பேற்காத இதழாசிரியரைத்தான் காட்டிக்கொடுத்தது. கட்டுரையைத் திறந்துவைத்து மதிப்பாய்வைப் பூட்டிவைக்கும் இதழ் பாதிதான் திறந்திருக்கிறது. ஆய்வு மாணவர்களும் நெறியாளர்களும் கட்டுரை அனுப்புமுன், அந்த இதழ் மதிப்பாய்வு அறிக்கைகளை வெளியிடுகிறதா, ஏற்ற இதழாசிரியரின் பெயரை அச்சிடுகிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் வேறு இதழைத் தேடுங்கள்.