மறதியின் மடனும் சுவைஞரின் மனனமும்: ‘நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்’ திரைப்படத்தின் நகைச்சுவை

ஆய்வுச் சுருக்கம்

பாலாஜி தரணீதரன் இயக்கி 2012 நவம்பர் 30 அன்று வெளிவந்த ‘நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்’ குறைந்த பொருட்செலவில் உருவான திரைப்படம். திரையரங்கை விட்டு நீங்கிய பின்னரும் அதன் உரையாடல்களை மனனமாகச் சொல்லும் சுவைஞர் கூட்டம் ஒன்று நிலைத்திருக்கிறது. அக்கூட்டத்தின் ஈடுபாடு எத்தகையது என்பதையும், அது படத்தை எவ்வாறு மாற்றிப் பொருள்கொண்டது என்பதையும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் நகைக் கோட்பாட்டைத் துணைக்கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நகை, எள்ளல், மடன், சுவைஞர், சிறுமுதலீட்டுத் திரைப்படம்

மன்றமில்லாத ரசிகர்

தமிழ்த் திரைப்பட ரசிகரைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் நட்சத்திரத்தை மையமிட்டவை. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எழுதிய நூல் எம்.ஜி.ஆரின் பிம்பம் அரசியலாக மாறிய விதத்தை விளக்கியது. சாரா டிக்கியின் 1993ஆம் ஆண்டு நூல் மதுரையின் எளிய மக்களிடையே திரைப்படமும் ரசிகர் மன்றங்களும் பெற்ற இடத்தை ஆராய்ந்தது. இவ்வழியில் வந்த ஆய்வுகளால் ‘ரசிகர்’ என்றவுடன் மன்றக் கொடி, பாலாபிஷேகம், முதல்நாள் முதற்காட்சி ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. ஒரு நடிகரை அன்றி ஒரு படத்தை மட்டும் நேசிப்பவர்களுக்கு இந்த ஆய்வு மரபில் தனிப்பெயர் இல்லை. அவர்களைச் சுவைஞர் என இக்கட்டுரை குறிக்கிறது.

படம் வெளிவந்தபோது விஜய் சேதுபதிக்கு நட்சத்திர மதிப்பு உருவாகியிருக்கவில்லை. சில வாரங்களுக்கு முன்னர் வெளியான ‘பீட்சா’ அவரை அறிமுகப்படுத்தியிருந்தது, அவ்வளவே. தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ போன்ற குறும்படப் போட்டிகளிலிருந்து கார்த்திக் சுப்புராஜ், நலன் குமரசாமி முதலியோர் திரைக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. சிறுமுதலீட்டுப் படங்களுக்கு ஒரு வாயில் திறந்திருந்தது. இருப்பினும் அப்படங்கள் பலவும் இன்று பட்டியல்களில் மட்டும் எஞ்சியிருக்க, இப்படம் மக்கள் வாய்மொழியில் எஞ்சியது ஏன் என்பது கேட்கத்தக்க வினா.

இழந்தவரே ஒளிப்பதிவாளர்

திருமணத்திற்கு முன்பு நண்பர்களுடன் கிரிக்கெட் ஆடும் பிரேம் என்னும் இளைஞன், பந்தைப் பிடிக்க முயன்று விழுகிறான்; பிடரியில் அடிபடுகிறது. அண்மைக்கால நினைவுகள் அழிந்துபோகின்றன. அவற்றோடு மணக்கப்போகும் தனலட்சுமியும் நினைவிலிருந்து மறைகிறாள். மூன்று நண்பர்கள் இதனைக் குடும்பத்தாருக்கு மறைத்து, வரவேற்பையும் திருமணத்தையும் கடத்திவிட முயல்கின்றனர். கதை இவ்வளவே.

இது படத்தின் ஒளிப்பதிவாளர் சி. பிரேம்குமாரின் வாழ்வில் உண்மையாகவே நிகழ்ந்தது. நண்பர்களுள் ஒருவரான பகவதி பெருமாள் தம் பாத்திரத்தைத் தாமே ஏற்று நடித்தார். நினைவை இழந்தவர் ஒளிப்பதிவுக் கருவிக்குப் பின்னால் நிற்கிறார். அவர் இழந்த நாள்கள் நண்பர்களின் நினைவிலிருந்து மீட்கப்பட்டு அவர் கண்முன் நடிக்கப்படுகின்றன. தன்வரலாற்று ஆய்வுகளில் ‘நினைவுகூரும் தன்னிலை’ எனப் பேசப்படுவதை இப்படம் தலைகீழாக்குகிறது எனலாம். இங்குத் தன்வரலாற்றைச் சொல்பவர்கள் பிறர். பிற்காலத்தில் பிரேம்குமார் இயக்குநராகி, பள்ளிப்பருவ நினைவை விடாமல் சுமக்கும் ஒருவனின் கதையை ‘96’ (2018) என்னும் படமாக்கினார் என்பதையும் இவ்விடத்தில் எண்ணிப்பார்க்கலாம்.

கொண்டது விடாமை

அடிபட்ட பின் பிரேம் ஒரே உரையாடல் தொடரைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான். என்ன நேர்ந்தது எனக் கேட்கிறான், ஆடிக்கொண்டிருந்ததை நினைவுகூர்கிறான், பந்து மேலெழுந்ததையும் தான் விழுந்ததையும் வரிசை பிறழாமல் சொல்கிறான். பின்னர்ப் பிடரியைத் தொட்டுக்காட்டி, மெடுல்லா ஆப்ளங்கேட்டா என மூளைப்பகுதியின் பெயரையும் கூறித் தன் நோயைத் தானே கணித்துவிடுகிறான். நோயாளியே மருத்துவனாகவும் இருக்கும் இக்கணம் முடிந்ததும் அனைத்தும் அழிந்து, முதல் வினா மீண்டும் எழுகிறது. விஜய் சேதுபதி ஒவ்வொரு முறையும் அதே ஏற்ற இறக்கத்துடன், அப்போதுதான் கண்டறிந்தவனின் வியப்புடன் அதனைச் சொல்கிறார். நடிப்பு என்ற அளவில் இதுவே படத்தின் உயிர்நிலை. ஒருமுறையேனும் குரலில் சலிப்போ குறும்போ தோன்றியிருந்தால் நகை அங்கேயே இறந்திருக்கும்.

உயிருள்ளதன்மேல் இயந்திரத்தன்மை படிவதே நகைப்பின் ஊற்று என்று பிரெஞ்சு மெய்யியலார் பெர்க்சன் 1900இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். பிரேமின் மறுகூறல் இதற்குப் பொருத்தமான சான்று என்றே முதலில் தோன்றும். ஆயினும் நகைப்பின்போது உள்ளம் தற்காலிகமாக உணர்ச்சியற்றுப்போக வேண்டும் என்பது அவர் கருத்தின் மற்றொரு பகுதி. இப்படத்தில் அது நிகழ்வதில்லை. பிரேமைப் பார்த்துச் சிரிக்கும்போதே அவன்மீது பரிவும் பெருகுகிறது. தொல்காப்பியத்தின் பகுப்பு இவ்விடத்தில் கூடுதல் நுட்பமுடையதாகத் தெரிகிறது.

மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கைக் கூறுகிறது. பேதைமையை அறியாமை என்றும், மடனைக் கற்பிக்கப்பட்டதைப் பற்றிக்கொண்டு பின் விடாதிருத்தல் என்றும் உரைமரபு வேறுபடுத்துகிறது. பிரேமிடம் இருப்பது பேதைமையன்று. மூளைப்பகுதியின் பெயரை அறிந்தவனைப் பேதை எனல் பொருந்தாது. அவனிடம் இருப்பது மடன். கொண்டதை விட இயலாமை. அதேவேளையில் புதிதாக எதையும் கொள்ளவும் அவனால் இயலவில்லை. மேடையில் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என நண்பர்கள் கற்பிப்பது சில நொடிகளே நிற்கிறது. உரைமரபின் விளக்கத்தில் பாதி மட்டும் செயற்படும் ஒரு மடன் இது. நகையும் இரக்கமும் ஒன்றையொன்று விலக்காமல் இருப்பதற்கு இப்பாதிநிலையே காரணம் என்பது கட்டுரையாளரின் கருத்து.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. திரைக்குள் நண்பர்கள் சிரிப்பதில்லை. அவர்கள் முகத்தில் இருப்பது அச்சம். அவர்களது அச்சமே பார்வையாளரின் நகையாக மாறுகிறது. எண்வகை மெய்ப்பாடுகளுள் இரண்டு, திரையின் இருபுறமும் ஒரே கணத்தில் நிகழ்கின்றன. சிரிக்கும் பாத்திரங்களைக் கொண்டு சிரிக்கவைக்க முயலும் வழக்கமான நகைச்சுவைத் தனிப்பகுதிகளிலிருந்து இப்படம் விலகி நிற்பது இதனாலேயே.

மனனம்

திருவண்ணாமலையில் இளங்கலை பயின்ற நாள்களில், விடுதி அறையின் மடிக்கணினியில் இப்படத்தை எத்தனை முறை பார்த்தோம் என்பதற்குக் கணக்கில்லை. அறைத்தோழர் ஒருவர் தலையைத் தொட்டால் போதும். அடுத்தவர் தொடரைத் தொடங்குவார், மூன்றாமவர் முடிப்பார். பௌர்ணமிதோறும் அண்ணாமலையைப் பதினான்கு கிலோமீட்டர் சுற்றி வருபவர்களுக்கு அறிந்த பாதையில் மீண்டும் நடப்பது சலிப்பதில்லை. ஒப்புமையை இதற்குமேல் நீட்ட வேண்டியதில்லை. மலை வேறு, படம் வேறு. எனினும் முன்பே அறிந்ததை மீண்டும் நிகழ்த்துவதில் ஓர் இன்பம் உண்டு என்பதை அவ்வூரில் வாழ்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

உம்பர்த்தோ எக்கோ ‘காசாபிளாங்கா’ பற்றிய கட்டுரையில், ஒரு படம் வழிபாட்டுக்குரிய ஈடுபாட்டைப் பெற வேண்டுமாயின் முழுமையிலிருந்து துண்டு துண்டாகப் பிரித்தெடுக்கத்தக்கதாக அது இருத்தல் வேண்டும் என்பார். இங்கு அப்பிரித்தெடுப்பைப் படமே செய்து தருகிறது. பிரேமின் தொடர், முன்பின் தொடர்பின்றி, எச்சூழலிலும் யாரிடமும் சொல்லப்படுவதாகவே கதைக்குள் அமைந்திருக்கிறது. சுவைஞர் அதைத் தனியே எடுத்துச் சொல்லும்போது, பிரேம் செய்ததையே செய்கிறார். தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய மொழிகளில் இக்கதை மறுஆக்கம் பெற்றது. கதையைப் பெயர்க்கலாம், குரலின் தாளத்தைப் பெயர்ப்பது எளிதன்று.

மடன் எள்ளலாகும் இடம்

சிக்கல் வரவேற்புக் காட்சியில் தொடங்குகிறது. ஒப்பனை மிகுந்த மணக்கோலத்தில் நிற்கும் தனலட்சுமியைக் கண்டு, ‘ப்பா’ என்னும் இடைச்சொல்லோடு, அவள் பேய்போல் இருப்பதாக நண்பர்களிடம் வியக்கிறான் பிரேம். படத்தில் மிகுதியாகச் சிரிப்பை எழுப்பும் காட்சி இதுவே. மிகுதியாகத் துண்டிக்கப்பட்டுப் புழக்கத்தில் கலந்ததும் இதுவே.

கதைக்குள் இக்கூற்று பேசுபவனின் குறையைச் சுட்டுகிறது. காதலித்தவளை அடையாளம் காண இயலாத ஒருவனின் அவலம் அது. கதையிலிருந்து பிரிக்கப்பட்டதும் அது கேட்பவளின் தோற்றத்தைச் சுட்டும் ஏளனமாகிறது. கல்லூரி வாயில்களிலும் திருமண மண்டபங்களிலும் ஒப்பனை செய்துகொண்ட பெண்கள் எதிர்கொண்டது இரண்டாவது பொருளைத்தான். மடனில் பிறந்த நகை எள்ளலாக இடம்பெயர்ந்தது. இதற்குப் படத்தைப் பொறுப்பாக்க முடியாது எனச் சுவைஞர் வாதிடுவது வழக்கம். கட்டுரையாளரும் பல ஆண்டுகள் அவ்வாறே வாதிட்டவர். இன்று அவ்வாதம் முழுமையாக ஏற்கத்தக்கதாகத் தோன்றவில்லை. ஒப்பனையை மிகைப்படுத்தி, பார்வையாளரும் பிரேமின் கண்களாலேயே அவளைக் காணுமாறு காட்சியை அமைத்தது இயக்கம். பழகிய இயல்பான முகத்தோடு அவளை நிறுத்தியிருந்தால் அதே கூற்று நகையைவிட அவலத்தையே மிகுதியாகத் தந்திருக்கும். இயக்குநர் நகையைத் தேர்ந்தார்.

இதனினும் கடினமானது தனலட்சுமியின் அறியாமை. திருமணம் முடியும் வரை அவளிடம் எவரும் உண்மையைச் சொல்வதில்லை. தன்னை அறியாத ஒருவன் தனக்குத் தாலி கட்டுகிறான் என்பதை அறியாமலே அவள் மணமேடையில் அமர்ந்திருக்கிறாள். பிரேமின் இசைவும் அங்கில்லை. ஆனால் அவனுக்காக அஞ்சவும் பொய்யுரைக்கவும் மூவர் இருக்கிறார்கள். அவளுக்கு ஒருவரும் இல்லை. நட்பைப் போற்றும் படம் என இதனைப் பாராட்டுவோர் அந்நட்பு யாருடைய செலவில் நடைபெறுகிறது எனக் கேட்பதில்லை. மெய்ப்பாட்டியல் சுட்டும் பேதைமை, அதாவது அறியாமை, உண்மையில் அவள்மேல் சுமத்தப்பட்டிருக்கிறது. ஆனால் அவளது அறியாமை எவருக்கும் நகையாகவோ அழுகையாகவோ தோன்றாதவாறு கதை அவளை ஓரத்தில் நிறுத்திவிடுகிறது. காயத்ரியின் முகத்தில் ஐயமும் குழப்பமும் வந்துபோகும் சில நொடிகள் மட்டுமே அவ்வோரத்திலிருந்து நமக்குக் கிடைக்கின்றன.

அண்மையில் இப்படத்தை மீண்டும் பார்த்தபோது, பிரேமின் தொடருக்கு முன்போலவே சிரிப்பு வந்தது. தொடரை உடன்சொல்லவும் நா எழுந்தது. வரவேற்புக் காட்சியில் கண்கள் மணமகன்மேல் நிலைக்கவில்லை. அவனருகே, வந்தவர்களுக்கெல்லாம் புன்னகைத்தவாறு, இடையிடையே அவனைத் திரும்பிப் பார்க்கும் பெண்ணிடமே அவை நின்றன.