சாட்சியும் நிதானியும்

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் தமிழில் வழிபாடு நடைபெறும் தேவாலயங்களில் 'சாட்சி' என்னும் சொல் அடிக்கடி செவியில் விழும். நோய் நீங்கியதையோ கடன் தீர்ந்ததையோ ஒருவர் எழுந்து நின்று சபையாருக்குச் சொன்னால் அது சாட்சி. பெற்ற நன்மையைச் சொல்வதில் பிழையில்லை. எனினும், சாட்சிக்கு உரிய பழைய இடம் வழக்கு மன்றம். அங்கே உண்மை சொல்பவன் சிலவற்றை இழக்கவும் நேரும்.

இதனை மறவாத காவியம் ஒன்று தமிழில் உண்டு. வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்து, 1858இல் கிறித்தவரான எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இயற்றி 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகமே அது. ஜான் பனியனின் ஆங்கில உரைநடைக் கதையைத் தழுவி 3766 பாடல்களால் ஆயது. 'கிறித்தவக் கம்பர்' என்று ஆசிரியரைப் புகழ்ந்ததோடு திறனாய்வாளர் பலர் அமைந்துவிட்டனர். கம்பன் சாயல் எங்கே என்று தேடும் கண்ணுக்கு நூலின் அமைப்பு புலப்படுவதில்லை.

பனியன் கதையில் உண்மை தவறாதவன் ஒருவன் மாயச் சந்தையில் பிடிபடுகிறான். பொறாமையும் மூடபக்தியும் கோளும் மனித வடிவில் வந்து அவனுக்கு எதிராகச் சான்று பகர்கின்றன. குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் ஒருவனே அந்த மன்றத்தில் மெய்ச்சாட்சி! அவன் அஞ்சாது விடை கூறி, எரியுண்டு மாள்கிறான். இவனுக்குக் கிருஷ்ண பிள்ளை இட்ட பெயர் 'நிதானி'. 'விசுவாசி' என்றிருந்தால் நம்புகிறவர் எல்லாரையும் அது குறித்துவிடும். நிதானமோ நிலை பெயராமை. (இன்று மெதுவாக நடப்பதற்கும் அச்சொல்லையே வழங்குகிறோம், அது வேறு.) ஒரு பருவமே 'நிதான பருவம்' எனப் பெயர் பெற்றிருப்பது சிந்திக்கத்தக்கது.

அதற்கு முன்னுள்ள குமார பருவத்தில் கிறித்துவின் பாடுகளை விரிவாகப் பாடியது கவிஞரின் சொந்தச் சேர்க்கை. பனியன் அதை அவ்வாறு விரிக்கவில்லை. கட்டுண்டு நின்ற தலைவனின் விசாரணையை முதலில் கண்ட பின்னரே தொண்டனின் விசாரணையைக் காண்கிறோம். பழி சுமத்தியோர் முன் தலைவன் மௌனமாய் நிற்கிறான், தொண்டன் பேசுகிறான். இரண்டும் சாட்சியே என்பது சொல்லாமலே விளங்குகிறது. கோட்பாட்டு விளக்கங்களில் இக்காவியத்தின் நடை தளர்வதுண்டு. இவ்வமைப்பு அக்குறையை மறக்கச் செய்கிறது.

கிரேக்கத்தில் சாட்சியைக் குறித்த சொல்லே பின்னர் உயிர்நீத்தவரைக் குறிப்பதாயிற்று. தமிழ் வழக்கிலும் வேதசாட்சி, இரத்தசாட்சி என்பன உள. 1752இல் ஆரல்வாய்மொழியில் கொல்லப்பட்டு, 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் குருவானவர் அல்லர், இல்லறத்தார்.

தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்றவை குமார பருவத்துப் பாடல்களே. அவற்றை நடத்தும் ஆசிரியர் நிதான பருவத்தையும் உடன் விரித்து வைத்தால், மௌனமாய் நின்றவருக்குப் பின்னே வாய் திறந்து பேசியவனும் மாணவர் கண்ணுக்குத் தெரிவான்.