செவியின் தீர்ப்பு
மலையகப் பேச்சுத் தமிழும் அது மதிக்கப்படும் முறையும்

மொழி ஒன்றேயாயினும் அதன் வழக்கு நிலந்தோறும் வேறுபடும் என்பதைப் பண்டை இலக்கண நூலார் நன்குணர்ந்திருந்தனர். தொல்காப்பியர் செய்யுட்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தபொழுது, செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலங்களின் சொல்லுக்கும் செய்யுளில் இடமளித்தார். திசைச்சொல்லை வேற்றிடத்துச் சொல் என்று கொண்டாரேயன்றி இழிந்த சொல் என்று அவர் கொண்டாரல்லர். வேறுபாடு வேறு, தாழ்வு வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக மயங்கும் பழக்கம் பின்வந்தோரிடம் வேரூன்றியது. ஒருவன் வாய்திறந்த அளவிலேயே அவனுடைய ஊரையும் தொழிலையும் மட்டுமன்றி, அறிவையும் ஒழுக்கத்தையுங்கூட அளந்துவிட்டதாகக் கேட்போர் கருதுகின்றனர்.

இம்மயக்கம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. பேர்னாட் ஷா 1913-இல் அரங்கேறிய ‘பிக்மேலியன்’ நாடகத்தில், பூ விற்கும் பெண்ணொருத்தி தன் ஒலிப்பை மாற்றிக்கொண்ட அளவில் சீமாட்டியாக மதிக்கப்படுவதைக் காட்டி ஆங்கிலச் சமுதாயத்தை எள்ளினார். 2007-இல் கூப்லண்ட், பிஷப் என்னும் அறிஞர் இருவர் வெளியிட்ட ஆய்வொன்று இங்குக் கருதத்தக்கது. பி. பி. ஸி. நிறுவனத்தின் முயற்சியொன்றில் 5,000-க்கு மேற்பட்டோர் 34 வகை ஆங்கில ஒலிப்புகளை மதிப்பிட்டனர். பேர்மிங்ஹாம் நகர ஒலிப்பு கடைநிலை எய்தியது. ஸ்கொத்லாந்தின் ஒலிப்போ இனிமையுடையதென உயர்வாக மதிக்கப்பட்டது. இதில் வியப்புக்குரிய செய்தி வேறொன்றுண்டு. மதிப்பிட்டோர் அவ்வொலிப்புகளைக் காதாற் கேட்டாரல்லர். அவற்றின் பெயர்களை மட்டுமே கண்டு தீர்ப்பளித்தனர். பெயரே போதுமாயிற்று என்றால், இகழப்படுவது ஒலியன்று, அவ்வொலிக்குரிய மக்களே என்பது தெளிவு.

இவ்வுண்மையை நுவரெலியா, ஹற்றன் மலைகளில் வைத்து நோக்குதல் பொருத்தமாகும். ஸ்கொத்லாந்தின் கின்கார்டின்ஷயரைச் சேர்ந்த ஜேம்ஸ் டெய்லர் 1852-இல் இலங்கைக்கு வந்தார். 1867-இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அவருக்கு முன்னும் பின்னும் வந்த தோட்டத் துரைமார் பலர் ஸ்கொத்லாந்தின் வடகிழக்குப் பகுதியினர். டன்சினன், ஹோலிறூட், ஸ்ட்ராத்டன் என அவர்கள் சூட்டிய ஊர்ப்பெயர்கள் இன்றும் தோட்டங்களின் பெயராய் நிற்கின்றன. இலண்டன் மாநகரில் நாட்டுப்புறத்தான் பேச்சென்று கருதப்பட்டிருக்கக்கூடிய ஒலிப்பு, இம்மலையேறியதும் ‘துரைப் பேச்சு’ ஆயிற்று. லயத்து மக்களின் செவிக்கு அபடீனும் ஒக்ஸ்போர்டும் ஒன்றே. நாவு மாறவில்லை, நின்ற இடமே மாறிற்று.

அத்துரைமார் தொழிலாளரின் தமிழை எவ்வாறு மதித்தனர் என்பதற்கு அவர்தம் மொழி வழிகாட்டி நூல்களே சான்று. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பில் வெளிவந்த சின்னத்துரைக்கான கையடக்கத் தமிழ் வழிகாட்டியொன்றின் பெயர் ‘இங்கே வா’ என்பது. பின்னர் வந்த வெல்ஸ் என்பாரின் நூல் ‘கூலித் தமிழ்’ என்றே பெயர் பெற்றது. முன்னது ஏவலொருமையைத் தலைப்பாக்கிற்று. பின்னது மொழியையே கூலியாக்கிற்று. ‘வாங்க’ என்னும் ஒருசொல் மரியாதையைத் தலைமுறை தலைமுறையாகப் போற்றிய மக்களின் மொழி, ‘வா’ என்னும் கட்டளைக்குள் அடக்கப்பட்டது. இந்நூல்கள் துரைமாருக்குத் தமிழ் கற்பித்தன என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் மொழியின் ஒரு கோடியை மட்டுமே அவை கற்பித்தன.

இனி, குறை துரைமாரிடத்து மட்டும் இருந்ததெனக் கூறுதல் நேர்மையாகாது. ‘ஓம்’ என்றும் ‘வருகினம்’ என்றும் பேசும் யாழ்ப்பாணத்தாரிற் பலர், ‘ஆமாங்க’ என்றும் ‘வர்றாங்க’ என்றும் பேசும் மலையகத்தாரின் தமிழைத் ‘தோட்டக்காட்டுத் தமிழ்’ என இகழ்ந்தனர்; இந்தியத் தமிழ் என ஒதுக்கினர். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964-ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அவ்வாறு சென்று நீலகிரி மலைகளிற் குடியேறியோரை அங்குள்ளோர் ‘சிலோன்காரர்’ என்றனர். இங்கே இந்தியப் பேச்சாகத் தோன்றியது அங்கே இலங்கைப் பேச்சாகத் தோன்றிற்று. ஒரே நாவு இரு கரைகளிலும் அயல்நாவாக முடியுமாயின், அயன்மை நாவில் இல்லை, செவியிலேயே உள்ளது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

அத்தமிழின் வளத்தையும் ஓரளவு எண்ணுதல் தகும். காலைக் கணக்கெடுப்புக்குக் கூடும் இடம் ‘பிரட்டுக்களம்’. ஒரு நாள் வேலையின் பதிவு ‘பேர்’. பாதி நாளுக்கு ‘அரைப்பேர்’. செடியைக் கத்தரித்தல் ‘கவ்வாத்து’. ஆங்கிலமும் தமிழகத்து வட்டார வழக்குகளும் தொழிலின் தேவையும் கலந்து பிறந்த சொற்கள் இவை. ‘அரைப்பேர்’ என்னும் சொல்லில் ஒரு குடும்பத்தின் அன்றைய அடுப்பே அடங்கியிருக்கின்றது.

இத்தமிழ் ஏடேறிய வரலாறும் எண்ணத்தக்கது. 1960-களின் முற்பகுதியில் ஈழத்தில் எழுந்த மரபுப் போராட்டத்தில், பேச்சு வழக்கு ‘இழிசனர் வழக்கு’ எனப் பழிக்கப்பட்டது. முற்போக்கு எழுத்தாளர் அதனை எதிர்த்து நின்றனர். அவ்வெற்றியின் பயன் மலையகத்தையும் எட்டிற்று. என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’, தெளிவத்தை ஜோசப்பின் ‘நாமிருக்கும் நாடே’ முதலிய தொகுதிகளில் லயத்துப் பேச்சு தலைநிமிர்ந்து நின்றது. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983-இல் வெளிவந்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ அப்பேச்சுக்குப் பாட்டின் பெருமையும் உண்டென நிறுவிற்று. எனினும் ஒரு குறை சுட்டத்தக்கது. பெரும்பாலான மலையகக் கதைகளில் மாந்தர் மலையகத் தமிழிற் பேசுவர். ஆசிரியரோ ஏட்டுத் தமிழிற் கதை சொல்வர். அழுவதற்கும் வாதிடுவதற்கும் உரிய மொழி, ஆராய்வதற்கு உரியதன்றோ என்னும் ஐயத்தை இப்பங்கீடு எழுப்புகின்றது.

ஈண்டு ஒரு தடை எழலாம்: எல்லா வழக்குகளையும் ஏற்பின் பொதுமொழி சிதையாதோ எனின், சிதையாது. பொதுமொழி எழுத்துக்கும் கல்விக்கும் இன்றியமையாதது. அதனை மாணவர்க்குச் செவ்வனே கற்பித்தல் ஆசிரியர் கடன். ஆனால் செந்தமிழ் கற்பித்தல் வேறு. வீட்டுத் தமிழை நாணச் செய்தல் வேறு. 1960-இல் மொன்றியலில் லம்பேர்ட் முதலியோர் ஆராய்ந்தபோது, ஒருவரே இருமொழியிற் பேசியதைக் கேட்ட பிரெஞ்சு மாணவர், ஆங்கிலக் குரலையே உயர்ந்ததென மதித்தனர். பிறர் இகழ்ச்சி நாளடைவில் தன்னிகழ்ச்சியாக மாறும் என்பதற்கு இது சான்று. தோட்டத்திலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவன் வகுப்பில் வாய்திறவாதிருப்பானாயின், அவனிடம் விடை இல்லையென்று கொள்ளுமுன், அவன் எதற்கு அஞ்சுகின்றான் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நாவைத் திருத்தப் பள்ளிகள் பல உள. செவியைத் திருத்தும் பள்ளியே இனி வேண்டப்படுவது.