சியெனா மலைச் சாலைக்குக் கிராவல் சைக்கிள்: பல்லை எண்ணிப் பார்த்து வாங்குங்கள்

கிராவல் சைக்கிளுக்கு விலை சொல்லும்போது கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவது ஃபிரேமைத்தான். கார்பன், எடை இவ்வளவு, உள்ளே ஓடும் கேபிள். விளம்பரப் படத்தில் அதே சைக்கிள் சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைச் சாலையில் நிற்கும். அந்தச் சாலை பெரும்பாலும் இத்தாலியின் டஸ்கனியில், சியெனாவைச் சுற்றிய குன்றுகளில் இருக்கும். படத்தில் நிற்கும் சைக்கிளை அந்தச் சாலையிலேயே உருட்டி மதிப்பிட்டால் தீர்ப்பு வேறு மாதிரி வருகிறது. அங்கே ஒரு கிராவல் சைக்கிளை நல்லது, கெட்டது என்று பிரிப்பவை இரண்டே சங்கதிகள்: பின்சக்கரத்தின் மிகப் பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல், டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி. மற்றதெல்லாம் அடுத்த வரிசைதான். காசில் பெரும்பகுதி போவதோ அந்த அடுத்த வரிசைக்கு.

முதலில் சாலையைப் பார்த்துவிடலாம். கியாந்தி வட்டாரத்தின் கயோலே ஊரிலிருந்து புறப்பட்டு, ப்ரோலியோ கோட்டை, சியெனாவின் தென்புறம், மொந்தால்சீனோ, அஷானோ என்று சுற்றி மீண்டும் கயோலேக்கே வரும் எரோய்க்கா பாதை 209 கிலோமீட்டர் நீளம். ஆண்டு முழுவதும் வழிகாட்டிப் பலகைகளோடு திறந்திருப்பதால் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். ஏறக்குறைய பாதி தார், பாதி வெள்ளைச் சாலை, அதாவது தார் போடாத சரளை. நீலகிரியைப் போல ஒரே மூச்சாக ஏறி ஒரே மூச்சாக இறங்கும் மலை இல்லை இது. மொந்தால்சீனோவே கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டரைத் தொடுவதில்லை. ஆனால் இந்த மண்ணில் ஊர்கள் குன்றின் உச்சியில், ஓடைகள் அடியில். ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போக ஒவ்வொரு முறையும் அடிவரை இறங்கி மறுபடி ஏறவேண்டும். அப்படிச் சேர்ந்துகொண்டே போகும் ஏற்றம் முழுச் சுற்றில் 3,500 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. ஒவ்வொரு ஏற்றமும் குட்டையானது, ஆனால் செங்குத்தானது. சியெனாவுக்கு அருகிலுள்ள கொல்லே பின்சூட்டோவில் 15 சதவீதம் வரை சரிவு; லே தொல்ஃபேயில் 18 சதவீதம். இரண்டும் சரளைதான்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டாக வேண்டும். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ. ஓரளவு பழக்கமுள்ள கால்கள் தொடர்ந்து 200 வாட் தருகின்றன என்று வைத்துக்கொள்வோம். 15 சதவீதச் சரிவில் சரளையின் உராய்வையும் சேர்த்தால் வேகம் மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர், வேகமாக நடப்பவரின் வேகம். 40 மில்லிமீட்டர் டயர் போட்ட சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் உருளும். முன்னால் 40 பல், பின்னால் 42 பல் என்றால் பெடல் நிமிடத்துக்கு 44 சுற்று. பின்னால் 51 பல் என்றால் 53 சுற்று. 44க்கும் 53க்கும் உள்ள தூரம் தாளில் சிறியது; முழங்காலில் பெரியது. 44ல் ஒவ்வொரு மிதியும் தனித்தனியாக இழுத்துப் பறிப்பதாக இருக்கும். 53ல் மிதி ஓரளவாவது சுழற்சியாகிவிடும். இப்போது எடைக்கு வருவோம். சில ஆயிரம் யூரோ கூடுதலாகக் கொடுத்து ஃபிரேமில் ஒரு முழுக் கிலோ குறைத்துவிட்டதாகவே வைத்துக்கொண்டாலும், அதே சரிவில் ஒரு கிலோமீட்டர் ஏறுவதில் மிச்சமாகும் நேரம் 8 விநாடி. இனாமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் கிராவல் சைக்கிளை அப்படிப் பார்த்தே ஆகவேண்டும்.

தார்ச் சாலையில் இந்தக் கணக்கு இவ்வளவு கறாராக இருப்பதில்லை. கியர் போதவில்லை என்றால் சீட்டை விட்டு எழுந்து, உடல் எடையையே பெடல் மேல் போட்டு ஏறிவிடலாம். வெள்ளைச் சாலையில் அந்தக் குறுக்கு வழி கிடையாது. எழுந்து நின்றதும் எடை முன்னால் போய்விடும். பின்சக்கரத்தின் பிடி தளரும். சுண்ணாம்புக்கல் பொடி மேல் டயர் அரைச்சுற்று வெறுமனே சுழலும். அந்த அரைச்சுற்றில் வேகம் செத்துவிடும். 15 சதவீதத்தில் நின்றுபோன சைக்கிளை அதே இடத்தில் மறுபடி கிளப்புவது சரளையில் பெரும்பாலும் நடக்காத காரியம். ஆகவே உட்கார்ந்தபடியே, மிதியின் விசை ஏறி இறங்காமல், சீராகச் சுழற்றவேண்டும். அதற்குச் சின்ன கியர் வேண்டும். கடைசி கியர் இங்கே கால்வலிக்கான சலுகை இல்லை. டயர் தரையைப் பிடித்துக்கொள்வதற்கான கருவி. இந்த ஒரு வித்தியாசத்தைப் பல விமர்சனங்கள் கண்டுகொள்வதே இல்லை.

சந்தையில் கிடைக்கும் கியர் தொகுதிகளை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். இத்தாலியப் பெருமை காம்பாக்னோலோவின் எக்கார். 2020ல் வந்தது, முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் 13. முன்னால் 38, பின்னால் 44 பல் என்று சொல்லி வாங்கினால் மேலே போட்ட கணக்கில் 48 சுற்று வரும். அதே எக்காரை 9 முதல் 36 பல் வரையிலான செட்டோடும் விற்கிறார்கள். சமவெளியில் பறக்க அருமையானது. லே தொல்ஃபேயில் இறங்கித் தள்ளவேண்டியதுதான். ஷிமானோவின் ஜிஆர்எக்ஸில் முன்னால் 48, 31 என்று இரண்டு பல்சக்கரங்கள் உள்ள வகை, பின்னால் 36 பல்லோடு சேரும்போது எக்காரின் சின்ன கியருக்குச் சமமாகிறது. முன்னால் ஒன்றே உள்ள வகையில் பின்னால் 51 பல் வரை போகலாம். அதில் கியர்களுக்கு நடுவே தாவல் பெரிது என்று ஆட்சேபிப்பார்கள், நியாயம்தான். 40 பல்லோடு, நிமிடத்துக்கு 80 சுற்றில் மிதிக்கும்போது பின்னால் 14 பல்லில் 30 கிலோமீட்டர் வேகம், அடுத்த 16 பல்லில் 26. இடையில் ஒன்றும் இல்லை. கூட்டமாக ஓட்டுபவருக்கு இது எரிச்சல் தரும். ஆனால் இந்த நிலத்தில் சமமான தார்ச் சாலை நெடுநேரம் நீடிப்பதில்லை. அங்கே வரும் சிறு எரிச்சலா, ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவதா என்றால், எரிச்சலையே பொறுத்துக்கொள்ளலாம்.

பெரிய ஆட்சேபம் இரண்டு. சியெனாவின் காம்போ சதுக்கத்தில் முடியும் ஸ்ட்ராடே பியாங்கே போட்டி 2007 முதல் நடக்கிறது. 2024ல் 215 கிலோமீட்டர். அதில் 71 கிலோமீட்டர் வெள்ளைச் சாலை. வீரர்கள் வருவதோ சாதாரண ரேஸ் சைக்கிளில், 30 மில்லிமீட்டரை ஒட்டிய டயரில். அப்படியிருக்கக் கிராவல் சைக்கிளே எதற்கு என்று கேட்கலாம். 65 கிலோ உடம்பை 400 வாட்டில் ஏற்றுபவருக்குக் கடைசி கியர் ஒரு பிரச்சினையே இல்லை. டயர் வெடித்தால் பின்னாலேயே கார் வரும். நமக்கு இரண்டும் கிடையாது. இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது. ஜான்கார்லோ ப்ரோச்சி 1997ல் தொடங்கிய எரோய்க்கா விழாவில் 1987க்கு முந்தைய சைக்கிள்களைத்தான் அனுமதிக்கிறார்கள்: இரும்பு ஃபிரேம், அதன் சாய்குழாயில் கியர் நெம்புகோல், பெடலில் வார்ப்பட்டை. ஆயிரக்கணக்கானவர்கள் அதில் ஓட்டுகிறார்களே? ஓட்டுகிறார்கள், செங்குத்து வந்தால் பலர் இறங்கி நடக்கவும் செய்கிறார்கள். முன்னால் 42, பின்னால் 24 பல் உள்ள பழைய சைக்கிளில் நம் கணக்கு நிமிடத்துக்கு 25 சுற்றைக்கூடத் தொடுவதில்லை. அந்த வேகத்தில் சைக்கிள் நிமிர்ந்து நிற்பதே பாடு. அந்த விழாவில் கஷ்டம் விரும்பி ஏற்றது, அதற்கு ஒரு அழகும் உண்டு. புது சைக்கிளுக்குப் பணம் கட்டுபவர் அதை விலைக்கு வாங்கவேண்டியதில்லை.

இனி இடைவெளி. 45 மில்லிமீட்டர் டயர் வரை போடலாம் என்று எழுதியிருந்தால் 45 போடத்தான் கை போகும். கோடையில் அது சரி. சியெனாவுக்குத் தென்கிழக்கே கிரேத்தே செனேசி எனப்படும் சாம்பல் நிறக் களிமண் குன்றுகள் தொடங்குகின்றன. மொந்தே சாந்தே மரீயின் பதினொன்றரை கிலோமீட்டர் வெள்ளைச் சாலை அங்கேதான். மழை விழுந்தால் அந்தக் களிமண் டயரில் அப்பிக்கொண்டு, ஃபிரேமின் பின்குழாய்களுக்கு நடுவே அடைத்து, சக்கரத்தைப் பூட்டிவிடும். 45க்கு இடமிருக்கும் ஃபிரேமில் 40 போட்டு மீதியை மண் வழுகிப் போக விடுவதே புத்தி. ட்யூப் இல்லாத 40 மில்லிமீட்டர் டயரில் 75 கிலோ ஆளுக்கு 30 முதல் 35 பிஎஸ்ஐ காற்று போதும். அலையலையாகப் படிந்த இறக்கங்களில் கையைக் காப்பாற்றுவது இந்தக் குறைந்த காற்றுதான். கார்பன் ஃபிரேம் அதிர்வை விழுங்கும் என்பது பொய்யில்லை. ஆனால் 5 பிஎஸ்ஐ இறக்கினால் கிடைப்பதற்கு முன்னால் அது சொற்பம். காற்றை இறக்கச் செலவும் இல்லை. முன்ஃபோர்க்கில் சஸ்பென்ஷன் வைத்த கிராவல் சைக்கிள்கள் இந்தப் பாதைக்கு அதிகப்படி. டிராக்டரும் காரும் தினம் போகும் சாலை இது, பாறைக்காடு அல்ல.

ஆகவே என் தேர்வு அலுமினிய ஃபிரேம், டிஸ்க் பிரேக், முன்னால் 40க்குப் பின்னால் 51 பல், 45 மில்லிமீட்டர் இடைவெளியில் 40 டயர். வாடகைக்கு எடுப்பவரும் கடையில் கேட்கவேண்டியது இதையே. பிராண்டைப் பிறகு கேட்கலாம். ஒரே ஒரு நிலைமையில் இந்தச் சைக்கிளும் கைகொடுக்காது. இரவெல்லாம் மழை பெய்த மறுநாள் கிரேத்தே செனேசியில் எந்த இடைவெளியும் போதாது. அன்றைக்குச் சியெனாவிலிருந்து அஷானோ போக லவுரெத்தானா சாலையைப் பிடியுங்கள். அது தார் போட்டது. இரு பக்கமும் அதே களிமண் குன்றுகள்தான்.