லின்னேயஸ் ட்ரைப்பின் ஒளிப்படங்கள்: ஒரு மதிப்பீடு

லின்னேயஸ் ட்ரைப் (1822–1902) சென்னை மாகாணப் படையின் அதிகாரி. 1855-ல் ஆர்தர் பேய்ர் தலைமையில் பர்மிய அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவில் ஒளிப்படக்காரராக இடம்பெற்றார். பகான், அமரபுரம் ஆகிய ஊர்களின் பௌத்தக் கோயில்களையும் மடங்களையும் காகித நெகட்டிவ்களில் பதிவுசெய்தார். அப்பயணத்தின் 120 படங்கள் தொகுப்பாக வெளிவந்தன.

1858-ல் மதுரையில் மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம், வைகைத் தரைப்பாலம் ஆகியவற்றை எடுத்தார். நேப்பியர் பிரபு காலச் சீரமைப்புக்கு முந்தைய மகாலின் சிதைவை இப்படங்களில் காணலாம்.

ட்ரைப்பின் படங்களில் தூண், விதானம், சுதை வேலை எல்லாம் துல்லியமாகத் தெரிகின்றன. மனிதர்கள் மிக அரிது. நீண்ட நேரம் ஒளியேற்ற வேண்டிய காகித நெகட்டிவில் நடமாடுபவர்கள் பதிவதில்லை என்பது ஒரு காரணம். ஆனால் அசையாமல் நிற்கவைத்தால் பதிவார்கள். ஆகவே இந்த வெறுமையில் அவரது தேர்வும் உண்டு. அன்றாடம் பூசை நடந்த மதுரைக் கோயிலும் கைவிடப்பட்ட சின்னம்போலத் தோன்றுவது இதனால்தான். நெகட்டிவில் வண்ணம் தீட்டி வானில் மேகங்களையும் சேர்த்தார்.

அதே 1858-ல் சென்னை அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்களை எடுத்தார். பகான் கோயில்கள் தம் நிலத்தில் நிற்கின்றன. அமராவதிக் கற்களோ தூபியிலிருந்து பிரிந்தவை. அவற்றின் அழகைப் படம் காட்டுகிறது, தூபியின் அமைப்பைக் காட்ட இயலவில்லை. கட்டடக்கலை மாணவர்களுக்கு இப்படங்கள் முதன்மைச் சான்று. அக்கால மக்கள் வாழ்வை அறிய விரும்புவோர் வேறு சான்றுகளையும் சேர்த்தே இவற்றைப் பார்க்கவேண்டும்.